இரண்டாம் பாகத்து அண்ணாச்சி

உலகம் அழிந்துபோன பிறகு நடக்கிற ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்காக நான் ஒன்றரை வருஷம் இங்கிலீஷில் சண்டை போட்டிருக்கிறேன். சும்மா வாய்ச்சண்டை என்று நினைத்துவிட வேண்டாம். சோறு ஆறிப்போய், அம்மா வந்து தட்டை எடுத்துக்கொண்டு போகிற அளவுக்குச் சண்டை.

விளையாட்டின் கதை இதுதான். அணுகுண்டுப் போரில் ஊரெல்லாம் சாம்பலாகிவிடும். மிச்சம் பிழைத்தவர்கள் தகரத்தையும் டயரையும் வைத்துக் குடிசை போட்டு, தண்ணீருக்கு அடித்துக்கொண்டு வாழ்வார்கள். நாம் அதில் ஒரு ஆளாக நுழைந்து, பேசி, பேரம் நடத்தி, சுட்டு, திருடி, கடைசிவரை போய்ச் சேர வேண்டும். மொத்தம் மூன்று பாகங்கள். முதல் பாகத்தை எல்லோரும் கையெடுத்துக் கும்பிடுவார்கள், விளையாடியிருக்க மாட்டார்கள். இரண்டாம் பாகத்தில் மேலேயிருந்து பார்க்க வேண்டும், ஆட்கள் எறும்பு மாதிரி இருப்பார்கள், பக்கம் பக்கமாக வாசிக்க வேண்டும். மூன்றாம் பாகத்தில் நாமே தெருவில் நடக்கலாம். எது சிறந்தது? எனக்குச் சந்தேகமே கிடையாது. மூன்றாவதுதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

சிவகாசியில் எங்களுக்குப் பட்டாசு லேபிள் அடிக்கிற சின்ன அச்சகம். அத்தா, அதாவது என் அப்பா, முன்னால் உட்கார்ந்து பார்ட்டிகளைக் கவனித்துக்கொள்வார். நான் உள் அறையில் டிசைன். நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் கலர் சரியாக வராது என்று அத்தாவிடம் சொல்லி, மூன்றாம் பாகம் ஓடுகிற மாதிரி ஒரு கம்ப்யூட்டரை வாங்கினேன். பொய் என்று சொல்ல முடியாது, கலரும் நன்றாகத்தான் வந்தது. ஊரிலேயே மூன்றாம் பாகம் விளையாடுகிற ஒரே ஆள் நான்தான் என்கிற நினைப்பில் கொஞ்சம் தலை கனத்துத்தான் திரிந்தேன்.

ஒரு மத்தியானம் விளையாட்டைப் போட்டுவிட்டுச் சோற்றுத் தட்டை எடுக்கப் போயிருந்தேன். திரை முழுக்க ஒரு பெரிய குண்டு வெடித்து, புகை குடை விரித்து நிற்கிற படம். அத்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அணுகுண்டு வெடி லேபிளுக்குத்தானே? எந்தக் கம்பெனி ஆர்டர்லே இது?”

“இது... சும்மா சாம்பிள் அத்தா.”

“நல்லாத்தான் இருக்கு. மஞ்சள் கம்மி. சிவப்பைக் கொஞ்சம் தூக்கிக் குடு. மேல லேபிள் பேரு வைக்க இடம் விட்டுருக்கியே, அது சரி.”

உலகம் அழிகிற படத்தைப் பார்த்து மஞ்சள் கம்மி என்று சொல்ல எங்கள் ஊரில்தான் ஆள் உண்டு. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் சொன்னதும் சரிதான், மஞ்சள் கம்மியாகத்தான் இருந்தது.

பிராட்பேண்ட் வந்த புதிது. இந்த விளையாட்டுக்கென்று இணையத்தில் ஒரு ஃபோரம் இருந்தது. உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து, எந்தப் பாகம் உசத்தி என்று அங்கே அடித்துக்கொள்வார்கள். யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, ஆளுக்கொரு முகமூடிப் பெயர். வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டெடுப்பு நடக்கும். அதற்கு ஒரே ஒரு விதி: முடிக்காதவனுக்கு ஓட்டு இல்லை. மூன்றையும் கடைசிவரை விளையாடி முடித்தவன்தான் ஓட்டுப் போடலாம். யாரும் வீடு தேடி வந்து சோதிக்கப் போவதில்லை. அவனவன் மனசாட்சிதான்.

அங்கே எனக்கென்று ஒரு எதிரி வாய்த்தான். இரண்டாம் பாகத்தின் பக்தன். நான் காலையில் ஒன்று எழுதினால் மத்தியானத்துக்குள் பதில் வந்துவிடும். என்னைப் புதுப் பொம்மை கிடைத்த சின்னப் பையன் என்பான். நான் அவனை மியூசியத்து வாட்ச்மேன் என்பேன். இரண்டாம் பாகத்தில் கிணற்றைக் காவல் காக்கிற ஒரு பொம்பளை வருவாள். அவளுடைய பம்பை நான் விற்றுவிட்டேன், அதனால் அவள் செத்துப்போனாள் என்று ஒருநாள் பெருமையாக எழுதிவிட்டேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டான். எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் ‘கிணற்றுக்காரியைக் கொன்றவன்தானே நீ’ என்றுதான் முடிப்பான். எரிச்சல் மண்டையில் ஏறும். ஆனால் மறுநாள் கம்ப்யூட்டரைப் போட்டவுடன் முதலில் தேடுவது அவன் எழுத்தைத்தான்.

எனக்கு அந்தச் சண்டை அம்புட்டுத் தேவையாக இருந்தது. கூடப் படித்தவர்கள் பெங்களூர், துபாய் என்று போய்விட்டார்கள். இருந்தவர்களிடம் இதைப் பற்றிப் பேசினால், “கல்யாணம் பண்ணி வைக்கச் சொல்லவா மாப்ள?” என்று கேட்டார்கள்.

ஒருநாள் எதிரி மூன்றாம் பாகத்தைப் பற்றி நீளமாக ஒரு புகார் எழுதியிருந்தான். மற்றவர்கள் எல்லாம் கதை சரியில்லை, வசனம் சரியில்லை என்று எழுதுவார்கள். இவன் எழுதியது வேறு. நடுவில் வெடிமருந்து செய்கிற ஒரு பட்டறை வருகிறதே, அதில் இத்தனை பேர் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள், வெளியே போக ஒரே ஒரு வாசல்தான் இருக்கிறது, இரும்புக் கரண்டியால் மருந்து அள்ளுகிறார்கள், இப்படி எந்த மடையனாவது கட்டுவானா என்று பொரிந்து தள்ளியிருந்தான். அமெரிக்காக்காரன் ஒருவன் கீழே, ‘வாசலா? அதிலென்ன?’ என்று கேட்டிருந்தான்.

இது பட்டாசு ஊர்க்காரனுடைய கோபம். உலகத்தில் வேறு எவனுக்கு இந்தக் கோபம் வரும்? தனியாக ஒரு செய்தி அனுப்பினேன். ‘சிவகாசியா?’

‘ஆமா. பக்கத்துல. நீ?’

அச்சகத்தின் பெயரையும் தெருவையும் எழுதினேன். அதற்குப் பிறகு பதில் இல்லை.

அந்த வாரமே தாயில்பட்டி அண்ணாச்சி எங்கள் கடைக்கு வந்தார். அவருக்கு அந்தப் பக்கம் பட்டாசுக் கம்பெனி. வருஷா வருஷம் லேபிள் எங்களிடம்தான். வயது நாற்பத்தெட்டு, ஐம்பது இருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் ஒரு பச்சை மை பேனா. லேபிள் புரூஃபை வெயிலில் பிடித்துப் பார்த்து, பச்சை மையில் திருத்தம் எழுதி, எல்லாம் சரியான பிறகு ஓரத்தில் ‘ஓகே’ போட்டுக் கையெழுத்து வைத்தால்தான் மிஷின் ஓடும். எத்தனை தடவை திருப்பி அனுப்பினாலும் முகம் சுளிக்கக் கூடாது என்பது அத்தாவின் கட்டளை. நான் அவரைப் பார்த்தால் எழுந்து நிற்பேன்.

அத்தா மத்தியானத் தொழுகைக்குக் கிளம்பினார். அண்ணாச்சி உள் அறைக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தார். புரூஃபைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தபடியே, மெதுவாகச் சொன்னார்.

“கிணத்துக்காரிய நீதான் கொன்னியா தம்பி?”

அல்லாவே, இந்த மனிதரையா மியூசியத்து வாட்ச்மேன் என்றேன்! அது மட்டுமா, அச்சில் போடக் கூடாத இரண்டு வார்த்தைகளும் உண்டு. இங்கிலீஷில் எல்லோரும் ஒரே ‘யூ’தான், எழுதும்போது ஒன்றும் தெரியவில்லை. இப்போது எதிரே வேட்டியைத் தொடைக்கு நடுவில் செருகிக்கொண்டு அண்ணாச்சி உட்கார்ந்திருக்கிறார்.

“அண்ணாச்சி... நான் தெரியாம...”

“அட விடுப்பா. நான் மட்டும் உன்னைய என்ன கொஞ்சமாவா பேசுனேன்?” என்று சிரித்தார். காதெல்லாம் சிவந்திருந்தது அவருக்கு. பையனுக்கு வாங்கிய கம்ப்யூட்டராம். பையன் கோயம்புத்தூரில் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனபோது அதை ஆபீசில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். விளையாட்டு சிடிக்களும் மேஜை டிராயரில் கிடந்திருக்கின்றன. “வெயில் ஏறிட்டா மருந்து கலக்க விடமாட்டேன். மத்தியானத்துக்கு மேல ஆபீஸ்ல சும்மாதான உட்காந்திருக்கேன். ஒருநாள் போட்டுப் பாத்தேன். பிறகு விட முடியல. வீட்டுல தெரியாது. கோயில் கமிட்டில தெரிஞ்சா மானம் போயிரும்.”

நாங்கள் பேசினோம், பேசினோம், அப்படிப் பேசினோம். ஒன்றரை வருஷத்துச் சண்டையைத் தமிழில் முதலிலிருந்து போட்டோம். டீ வந்தது, ஆறியது. பேச்சு மூன்றாம் பாகத்தின் முடிவுக்கு வந்தபோதுதான் அவர் தயங்கினார்.

“முடிவு எனக்குத் தெரியாது. அந்தப் பட்டறையோட நிறுத்திட்டேன்.”

“முடிக்கலையா?”

“அங்கன தீ வைக்கச் சொல்றான்பா. வச்சாத்தான் அடுத்த ஊருக்கு வழி. உள்ள எட்டுப் பேரு இருக்காக. ஒரே வாசல். நான் வைக்கவா? நம்ம கம்பெனில ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல உட்கார விடமாட்டேன். எதிரெதிர் வாசல். தெனம் காலைல முதல் வேலையா, எல்லாக் கதவையும் நானே தள்ளிப் பாப்பேன். நான் போயி அங்கன தீ வைக்கவா?”

நான் வைத்திருந்தேன். யோசிக்கவேயில்லை. வெளிச்சம் எவ்வளவு அழகாக வந்தது என்றுதான் பார்த்தேன். அது உறைக்க வேண்டிய நேரத்தில் என் சண்டைக்கார புத்தி முந்திக்கொண்டது.

“முடிக்காமலேயா அண்ணாச்சி இம்புட்டு நாள் சண்டை போட்டீக? முடிக்காதவனுக்கு ஓட்டு இல்லையே!”

கேலியாகத்தான் சொன்னேன். அவர் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. புரூஃபில் ‘ஓகே’ எழுதிக் கையெழுத்துப் போட்டார். “நியாயம்தான்” என்றார். அத்தா திரும்பி வந்தபோது அவர் கிளம்பியிருந்தார்.

அதோடு போயிற்று. ஃபோரத்தில் அவர் எழுதவில்லை. முந்தி எழுதிய சண்டைகளின் கீழெல்லாம் ஒரே வரியைச் சேர்த்திருந்தார்: ‘நான் மூன்றாம் பாகத்தை முடிக்கவில்லை. என் கருத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.’ யாரும் கேட்காமல், யாரும் கண்டுபிடிக்காமல், தானே எழுதியிருந்தார். சரக்கில் ஒரு சரம் குறைந்தாலும் ஆள் அனுப்பிச் சொல்கிற மனிதர், இதில் மட்டும் வேறு எப்படி இருப்பார்? கடைக்கும் அவர் வரவில்லை. அவருடைய கணக்குப்பிள்ளைதான் புரூஃபை வாங்க வந்தார்.

“ஏலே, அண்ணாச்சி ஏன் இந்தப் பக்கமே வரக்காணோம்? நீ எதும் வாய் விட்டியா?” என்று அத்தா கேட்டார். ஆர்டர் போய்விடுமோ என்று அவருக்குப் பயம். எனக்கு ஆர்டரைப் பற்றிப் பயமில்லை, லேபிள் நல்லா இருந்தால் அண்ணாச்சி கொடுப்பார். என்னுடைய சண்டை போய்விட்டதே, அதுதான். இரண்டாம் பாகத்துக்கு வக்காலத்து வாங்க போலந்துக்காரன் ஒருவன் வந்தான். அவனோடு மல்லுக்கட்டிப் பார்த்தேன். உப்பில்லாத கஞ்சி. கிணற்றுக்காரி யாரென்றே அவனுக்கு ஞாபகமில்லை.

ஓட்டெடுப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் இல்லாமல் மூன்றாம் பாகம் ஜெயித்து எனக்கென்ன ஆகப்போகிறது? அவர் எனக்கு எதிராக ஓட்டுப் போட வேண்டும். அதற்கு அவர் முடிக்க வேண்டும். முடிக்க அந்தப் பட்டறையைத் தாண்ட வேண்டும். எட்டுப் பேரைக் கொல்லாமல் தாண்ட வழி இருக்கிறதா என்று தேடினேன். இல்லவே இல்லை. கதையைக் கட்டினவன் வழி வைக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்தக் கருவி நினைவுக்கு வந்தது. விளையாடுகிறவர்களே ஊரை, வீட்டை, ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்று மூன்றாம் பாகத்தோடு ஒரு கருவியை இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். இரண்டாம் பாகத்தில் இப்படி ஒன்று உண்டா? கிடையாது. போகட்டும்.

அன்றைக்கே உட்கார்ந்தேன். லேபிளில் யானை வரைந்தவனுக்குச் சுவரில் வாசல் வெட்டுவது பெரிய வேலையா என்று நினைத்துவிட்டேன். முதலில் சுவர் காணாமல் போனது. பிறகு கதவு அந்தரத்தில் தொங்கியது. வாசல் ஒருவழியாக நின்றபோது ஆட்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. தீப்பிடித்ததும் எட்டுப் பேரும் பழைய வாசலுக்கே ஓடி முட்டிக்கொண்டார்கள். அட முட்டாள்களே, பின்னால் திரும்புங்கப்பா என்று திரையைப் பார்த்துக் கத்தினேன், அத்தா எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு ஆளுக்கும் எந்த வாசல் பக்கம், எந்த வழியாக ஓட வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. அப்படிச் செய்யும்போதுதான் அவர்களின் முகத்தையே முதன்முறையாகப் பார்த்தேன். ஒருத்தி தலையில் துண்டு கட்டியிருந்தாள்.

முடித்ததை ஒரு சிடியில் போட்டு, உறையின் மேல் வழக்கம்போல ‘புரூஃப், பார்த்து ஓகே செய்யவும்’ என்று எழுதி, லேபிள் புரூஃபோடு கணக்குப்பிள்ளையிடம் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் சிடி திரும்பி வந்தது. உறையில் பச்சை மையில் எழுதியிருந்தது: ‘கதவு உள்பக்கம் திறக்கிறது. வெளிப்பக்கம் திறக்க வேண்டும்.’

அட, ஆமாம்! உள்ளேயிருந்து எட்டுப் பேர் முண்டியடித்தால் உள்பக்கம் திறக்கிற கதவை எவன் இழுப்பான்? நாங்கள் காகிதக்காரர்கள், மருந்துக்காரர்கள் இல்லை. எனக்கு எங்கே அது தோன்றும்? கதவைத் திருப்பி மாட்டி அனுப்பினேன். மறுபடி வந்தது: ‘வாசலில் படி உள்ளது. ஓடுகிறவர் தடுக்கி விழுவார்.’ படியை எடுத்தேன். மறுபடி வந்தது: ‘வெளியே பீப்பாய் வழியை மறைக்கிறது.’ பீப்பாயை நகர்த்தினேன். எனக்கு எரிச்சல் வரவில்லை. கணக்குப்பிள்ளை வருகிறாரா என்று வாசலைப் பார்த்துக்கொண்டேயிருந்தேன்.

கணக்குப்பிள்ளைதான் குழம்பிப்போனார். “பாய், புதுசா பட்டாசு செட்டு எதும் கட்டுறீகளா? லைசென்ஸ் எல்லாம் வாங்கியாச்சா?” என்று அத்தாவிடம் கேட்டார். அத்தா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

பீப்பாயை நகர்த்திய பிறகு சிடி திரும்பி வரவில்லை. அண்ணாச்சியே வந்தார். நேராக உள் அறைக்கு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“போடு” என்றார். “தனியா பாக்க மனசு வரல.”

போட்டேன். பட்டறை வந்தது. அத்தா கதவோரம் வந்து நின்றார். அண்ணாச்சி மவுசைப் பிடித்தார். விளையாட்டில் தீ வைத்தார். வைத்த உடனே கையை எடுத்துவிட்டு, விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தார். இரண்டு வாசலும் வெளிப்பக்கம் திறந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் மூன்று பேர். எட்டாவது ஆளைக் காணோம். எனக்கு உயிரே போய்விட்டது. புகைக்குள்ளிருந்து தலையில் துண்டு கட்டியவள் ஓடி வந்தாள். அவள் கடந்த பிறகுதான் பட்டறை வெடித்தது.

“வந்துட்டாக” என்றார் அண்ணாச்சி. “எல்லாரும் வந்துட்டாக.”

“யாரு அண்ணாச்சி?” என்று அத்தா கேட்டார்.

“நம்ம ஆளுகதான் பாய்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும், “அல்ஹம்துலில்லாஹ்” என்று ஆண்டவனுக்கு நன்றி சொன்னார். அண்ணாச்சி பச்சைப் பேனாவை எடுத்து, சிடி உறையின் ஓரத்தில் ‘ஓகே’ எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தார்.

அதன் பிறகு மத்தியானங்களில் அவர் ஆபீசிலிருந்து எனக்குப் போன் வரும். இந்தப் பாலத்தை எப்படித் தாண்டுவது, அந்தப் பூட்டை எப்படித் திறப்பது என்று கேட்பார். எது உசத்தி என்கிற பேச்சை மட்டும் எடுக்க மாட்டார். நான் எடுத்தாலும், “இரு, முடிக்கல” என்பார்.

ஓட்டெடுப்பின் கடைசி நாள் மத்தியானம், தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஃபோரத்தில் அவருடைய முகமூடிப் பெயர். கை சோற்றிலேயே நின்றுவிட்டது. ‘மூன்றாம் பாகத்தை முடித்துவிட்டேன். நல்ல விளையாட்டு. என் ஓட்டு இரண்டாம் பாகத்துக்கு’ என்று இங்கிலீஷில் எழுதியிருந்தார். அதற்குக் கீழே ஒரு வரி, அமெரிக்காக்காரனுக்கும் போலந்துக்காரனுக்கும் விளங்காத வரி, இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்:

‘இப்ப வாலே சண்டைக்கு.’